வால்வு மாற்றிய பிறகு திடீரென்று எல்லாம் இரண்டாகத் தெரிந்தால்

கேள்வி இதுதான். வயது 48. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்து நான்கு மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். கடந்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை, உட்கார்ந்திருக்கும்போதே எதிரில் இருப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் பார்த்ததில் பவர் மாறவில்லை. அடுத்த செக்கப் வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இன்றே, நரம்பியல் டாக்டரும் ஸ்கேன் வசதியும் உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மெட்டல் வால்வு உள்ளவருக்குத் திடீரென்று வந்து தானாகப் போகும் இரட்டைப் பார்வையை, வேறு காரணம் உறுதியாகும் வரை, மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டர்கள் இதை டி.ஐ.ஏ. என்பார்கள், பேச்சு வழக்கில் மினி ஸ்ட்ரோக். ‘அதுதான் சரியாகிவிட்டதே’ என்ற நிம்மதியில்தான் பலர் நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். டி.ஐ.ஏ.வின் இயல்பே சரியாகிவிடுவதுதான். பெரும்பாலும் சில நிமிடங்கள், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதைத் தொடர்ந்து முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். இரண்டு வாரத்தில் மூன்று தடவை என்பது மூன்று எச்சரிக்கை.

இதே அறிகுறிக்கு ஆபத்தில்லாத காரணங்களும் உண்டு. அவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் எது உங்களுடையது என்று வீட்டிலிருந்தே முடிவு செய்ய முடியாது. டாக்டர் முடிவு செய்யத் தேவையான தகவலைச் சேர்த்து வைப்பது மட்டும்தான் வீட்டில் முடிகிற காரியம். அதில் மிக முக்கியமானது ஒரு சின்னச் சோதனை. பத்து விநாடி போதும்.

அடுத்த முறை இரண்டாகத் தெரிந்தால் பதறி எழுந்திருக்காமல், உட்கார்ந்தபடியே எதிர்ச்சுவரில் உள்ள டியூப் லைட்டையோ கதவு நிலையையோ பாருங்கள். வலது கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடுங்கள். இப்போது ஒன்றாகத் தெரிகிறதா? கையை எடுத்துவிட்டு இடது கண்ணை மூடுங்கள். இப்போதும் ஒன்றுதானா? எந்தக் கண்ணை மூடினாலும் இரண்டு ஒன்றாகிவிடுகிறது என்றால், தனித்தனியாக இரு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவை ஒரே இடத்தை நோக்கித் திரும்பவில்லை, அவ்வளவுதான். கண்ணைத் திருப்பும் தசையிலோ, அதற்கு வரும் நரம்பிலோ, அந்த நரம்பு புறப்படும் மூளைத்தண்டிலோ கோளாறு. இந்த வகையைத்தான் விட்டுவைக்கக் கூடாது. மாறாக, ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்ற கண்ணில் நிழல் படிந்தாற்போல் இரண்டு தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்ளேயே காரணம்: கண் வறட்சி, கண்புரை, கண்ணாடி பவர். இமைத்தால் சரியாவது வறட்சிக்கு அடையாளம்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பிம்பங்களும் பக்கத்தில் பக்கத்திலா, ஒன்றன் மேல் ஒன்றா? பக்கவாட்டில் பிரிந்து, தூரத்தில் உள்ளது மோசமாகத் தெரிந்தால், கண்ணைத் திருப்பும் நரம்புகளில் ஆறாவது மூளை நரம்பில் கோளாறு இருக்கலாம். மேலும் கீழுமாகப் பிரிந்து, படியிறங்கும்போது தொல்லை அதிகமானால் நான்காவது நரம்பு. இமையும் தொங்கி, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிட விரிந்திருந்தால் மூன்றாவது நரம்பு. மூளை ரத்தக்குழாய் புடைத்து அதை அழுத்தினாலும் இப்படி ஆகும் என்பதால் அது தனி அவசரம். பக்கத்தில் யாராவது இருந்தால் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து, நேராக, இடது, வலது, மேலே, கீழே பார்க்கச் சொல்லி அரை நிமிட வீடியோ எடுத்து வைக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கண் சரியாகியிருக்கும். அந்த வீடியோதான் அப்போது பேசும்.

இதயத்தில் உள்ள வால்வு எப்படிக் கண்ணை இரண்டாகக் காட்ட வைக்கும்? மூளைக்கு முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு குழாய்கள் ரத்தம் கொண்டு போகின்றன. பின்பக்கக் குழாய்கள் இரண்டும் கழுத்தெலும்பு வழியாக ஏறி ஒன்றாகச் சேர்ந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் போகின்றன. கண்ணை அசைக்கும் நரம்புகள் கிளம்பும் இடம் அந்த மூளைத்தண்டுதான். வால்வின் தையல் வளையத்திலோ தகட்டின் கீலிலோ படிந்த சின்ன ரத்தக்கட்டி ஒன்று உதிர்ந்து அங்கே போய் அடைத்து, பிறகு கரைந்துவிட்டால், சில நிமிட இரட்டைப் பார்வை. பல நேரம் கை கால் இழுக்காது, வாய் கோணாது. அதனால் ஸ்ட்ரோக் என்றே யாருக்கும் தோன்றாது. முகம், கை, பேச்சு என்று மூன்றை மட்டும் பார்க்கும் வழக்கமான ஸ்ட்ரோக் சோதனையும் இதைத் தவறவிடும். தள்ளாட்டம், கண் என்ற இரண்டையும் அதில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மைட்ரல் வால்வுக்கு இந்த ஆபத்து, இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குப் போகும் வாசலில் உள்ள அயோர்டிக் வால்வைவிட அதிகம். அந்த இடத்தில் ரத்தம் குறைந்த அழுத்தத்தில் மெதுவாகப் போகிறது. இடது மேலறை ஏற்கெனவே வீங்கியிருக்கும். பலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பும் இருக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்கள் இன்னும் கவனம் தேவைப்படுபவை, ஏனென்றால் தையல் வளையத்தின் மேல் உடம்பின் சொந்தத் திசு இன்னும் மூடியிருக்காது. நான்கு மாதம் என்று நீங்கள் எழுதியதும் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்ணான ஐ.என்.ஆர். உங்களுக்கு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

வழக்கமான இலக்கு மைட்ரல் மெட்டல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரை, அயோர்டிக் என்றால், வேறு ஆபத்துகள் இல்லாதவர்களுக்கு, 2 முதல் 3 வரை. உங்கள் சர்ஜன் டிஸ்சார்ஜ் தாளில் வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு. மெட்டல் வால்வில் கட்டி சேர்வதற்கு முதல் காரணம் இந்த எண் இறங்கிப் போவதுதான். ஏன் இறங்குகிறது?

லேப் ரிப்போர்ட்டே சிலரை ஏமாற்றிவிடுகிறது. உங்கள் அளவு 2.9 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே ‘இயல்பு 0.8 முதல் 1.2’ என்று அச்சாகியிருக்கும். அந்த இயல்பு மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு. அதைப் பார்த்து ‘ரொம்ப அதிகமாகிவிட்டது’ என்று பயந்து இரண்டு நாள் மாத்திரையை நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. அசிட்ரோம், அதே வகை மருந்தான வார்ஃபரினைவிடச் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகும். ஓரிரு வேளை தவறினாலே எண் சட்டென்று கீழே வரும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பேனாவால் பெரிதாக ‘என் இலக்கு 2.5 – 3.5’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி.’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் காலண்டரில் குறிக்காமல் அது நினைவில் நிற்காது. கடையில் ஒரே பெயரில் வேறு மி.கி. அட்டையைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அட்டையை வாங்கும்போதே எண்ணைப் படித்துப் பாருங்கள். வேளை தவறி, அதே நாளில் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போடாமல், தவறியதை நோட்டில் எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள். கீரையை அடியோடு நிறுத்தச் சொல்கிறார்கள், அது தேவையில்லை. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வாரத்தில் எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் தொடர்ந்தால் மருந்தும் அதற்கேற்ப அமைந்துவிடும். ஒரு மாதம் தொடாமல் இருந்து, பிறகு விரதம் என்று தினமும் கீரை சாப்பிட்டால்தான் எண் சறுக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எண்ணை வெகுவாக இறக்கும். மெட்ரோனிடசோல், கோ-டிரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன் போன்றவை ஏற்றிவிடும். புது மருந்து எது சேர்ந்தாலும் மூன்று முதல் ஐந்து நாளில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

எண் ஏறிப் போனாலும் இரட்டைப் பார்வை வரலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தலையில் லேசாக இடித்தது ஞாபகம்கூட இருக்காது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசிந்து, அழுத்தம் கூடி, ஆறாவது நரம்பு தளர்ந்துவிடும். கூடவே தலைவலியும் வாந்தியும் இருக்கும். அடைப்பு, கசிவு இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். ஸ்கேன் மட்டும்தான் பிரித்துக் காட்டும். அதனால்தான், ஸ்ட்ரோக் என்ற பயத்தில் வீட்டிலேயே ஆஸ்பிரினையோ கூடுதல் அசிட்ரோமையோ போட்டுக்கொள்ளக் கூடாது. ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்தவற்றை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

ஆட்டோ, பைக் என்று யோசிக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்: இரட்டைப் பார்வையோடு பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் புரையேறுவது, நடை ஒரு பக்கம் தள்ளுவது, தலை சுற்றுவது, முகத்திலோ ஒரு பக்க உடம்பிலோ மரத்துப்போவது, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி, இமை தொங்குவது, மயக்கம். பத்து நிமிடம் தாண்டியும் பார்வை சேராவிட்டாலும் அப்படியே. இலங்கையில் அழைக்க வேண்டியது 1990.

போகும்போது டிஸ்சார்ஜ் தாள், வால்வின் பெயரும் அளவும் எழுதிய அட்டை, ஐ.என்.ஆர். நோட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கூட வருபவர் முதல் வாக்கியமாக இதைச் சொன்னால் போதும்: “மைட்ரல் மெட்டல் வால்வு, அசிட்ரோம் சாப்பிடுறார், கடைசி ஐ.என்.ஆர். இவ்வளவு, காலைல 7.40 வரைக்கும் நல்லா இருந்தார்.” அந்தக் கடைசி நேரம் மிக முக்கியம். கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள், ஐ.என்.ஆர். 1.7-க்கு மேல் இருந்தால் ரத்தக்கசிவு பயத்தால் பொதுவாகப் போடமாட்டார்கள். அப்போதும் பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்க முடியும். அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை இன்றே விசாரித்து வைப்பது நல்லது.

அங்கே முதலில் சி.டி. எடுப்பார்கள். ரத்தக்கசிவு இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லும். ஆனால் மூளைத்தண்டில் ஏற்பட்ட சின்ன அடைப்பை சி.டி. பெரும்பாலும் காட்டாது. ‘ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போகலாம்’ என்றால், எம்.ஆர்.ஐ.யும் கழுத்து, மூளை ரத்தக்குழாய் படமும் தேவையா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ.கூட முதல் ஒரு நாளில் மூளைத்தண்டு அடைப்பைச் சில நேரம் தவறவிடும். சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள். இப்போது வைக்கப்படும் மெட்டல் வால்வுகளும் நெஞ்செலும்பைக் கட்டிய கம்பியும் எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுத்தில் புதிதாக ஒரு பக்க வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். கழுத்துக் குழாயின் உள்சுவர் கிழிந்தாலும் இப்படி வரலாம்.

அடுத்தது வால்வு. நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் சாதாரண எக்கோவில் மெட்டல் வால்வின் பின்பக்கம் நிழல் விழுந்து மறைந்துவிடும். அதனால் உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கிப் பார்க்கும் எக்கோ தேவைப்படும். அதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டும். வால்வின் தகடுகள் முழுதாகத் திறந்து மூடுகின்றனவா என்று ஆஞ்சியோ எடுக்கும் கேத் லேபில் எக்ஸ்-ரேயை ஓடவிட்டுப் பார்ப்பது இன்னொரு எளிய வழி. கார்பன் தகடு இரண்டு உள்ள வால்வுகளில் இது தெளிவாகத் தெரியும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வு நம் பக்கம் நிறையப் பேருக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதன் தகடு ஒருவகை பிளாஸ்டிக் என்பதால் எக்ஸ்-ரேயில் தெரியாது, அவர்களுக்கு எக்கோதான். அட்டையைக் கொண்டுபோகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் வால்வின் ஓசை உங்களுக்குப் பழகியிருக்கும். இரவில் ஃபேனை நிறுத்திப் படுத்தால் கேட்கும் அந்த டிக் டிக் சத்தம் திடீரென்று மங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, தகடு சிக்கிக்கொண்டிருக்கலாம். அது தனியாகவே அவசரம்.

காய்ச்சல் இருந்தால் கதையே மாறிவிடும். மாலையில் குளிர்காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை என்று சில நாள் இருந்து, கூடவே இரட்டைப் பார்வையும் வந்தால், வால்வில் கிருமி தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிர்வது அப்போது வெறும் ரத்தக்கட்டி இல்லை, கிருமிக்கட்டி. அதற்குக் கட்டி கரைக்கும் ஊசி போடக் கூடாது. அசிட்ரோமைத் தொடர்வதா என்பதே மறுபரிசீலனைக்கு வரும். மருந்துக் கடையில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் காய்ச்சல் இரண்டு நாள் அடங்கும், ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராது, எந்தக் கிருமி என்றே தெரியாமல் போய்விடும். முதலில் வெவ்வேறு இடத்தில் மூன்று முறை ரத்தம் எடுத்த பிறகுதான் மருந்து.

ஆபத்து குறைந்த காரணங்களில், வால்வு ஆபரேஷன் முடிந்தவர்களிடம் அடிக்கடி கேட்பது மைக்ரேன் வகைப் பார்வைத் தொந்தரவு. தலைவலியே இல்லாமலும் வரும். வெயிலில் தகரம் மின்னுவது போல ஒரு புள்ளியில் தொடங்கி, கோணல்மாணலான ஒளிக்கோடாக மெல்லப் பரவி, இருபது முப்பது நிமிடத்தில் ஓரமாக விலகிப் போய்விடும். எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டையும் மூடினாலும் தெரியும். சிலர் இதையே ‘ரெண்டா தெரியுது’ என்பார்கள். மெல்லப் பரவுவதுதான் வித்தியாசம்; டி.ஐ.ஏ. சட்டென்று முழுதாக வரும். ஆனாலும் முதல் தடவை வரும்போது மைக்ரேன் என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரைகளும் செய்யும். நெஞ்சுத் தையல் வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின் இரண்டும் இரட்டைப் பார்வை தரும். டோஸ் ஏற்றிய வாரத்தில், மாத்திரை போட்ட ஓரிரு மணி நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஃப்ளெகெய்னைடும் அப்படியே. மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் உள்ளுக்குள் மறைந்திருந்தால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கரோ ஜென்டாமைசின் ஊசியோ அதை வெளியே கொண்டுவரும். காலையில் நன்றாக இருந்து, சாயங்காலம் இமை தொங்கி, இரண்டாகத் தெரிந்து, சற்றுக் கண்ணை மூடி ஓய்வெடுத்தால் தேறுவது இதன் நடை. சிறுவயதிலிருந்தே மறைவாக இருந்த மாறுகண், ஆபரேஷன் களைப்பிலும் ரத்தசோகையிலும் வெளிப்படுவதும் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு நரம்பின் நுண்குழாய் அடைபட்டு வருவது வேறு: வந்தால் போகாது, வாரக்கணக்கில் நீடித்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் தேறும். ஐந்து நிமிடத்தில் மறைவது அதுவல்ல. சர்க்கரை தாழ்ந்தால் மட்டும் நிமிடக்கணக்கில் வந்து போகலாம், அதனால் அந்த நேரத்தில் விரல் குத்திப் பார்ப்பது பயன்படும். நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் ஒரு நிமிடம் எண்ணிக் குறியுங்கள்.

மூளையும் வால்வும் சரி என்று ஆன பிறகுதான் கண் டாக்டரின் முறை. சாதாரணப் பவர் பரிசோதனையில் இது பிடிபடாது. நரம்புக் கண்நோய்ப் பிரிவு வேண்டும். மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து விலகலை அளந்து, எந்தத் தசை தளர்ந்திருக்கிறது என்று படம் போட்டுச் சொல்வார்கள். நிலையாக இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடியில் ஒட்டும், ஒளியை வளைத்து இரண்டு பிம்பத்தையும் சேர்க்கும் பிரிசம் உதவும். வந்து வந்து போகிறவருக்கு ஒரு கண்ணை மறைத்துக்கொள்வதே போதும்.

காரணம் தெரியும் வரை பைக், கார் ஓட்டக் கூடாது. பத்து நிமிடம்தானே என்பது ரோட்டில் செல்லாது. கிணற்றடி, மொட்டைமாடிக் கைப்பிடி இல்லாத படி, கேஸ் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, இவற்றில் தனியாக நிற்க வேண்டாம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் விழுந்தால் அடி சின்னதாக இருந்தாலும் ரத்தக்கசிவு பெரிதாகும். தலையில் பட்டால் வலி இல்லையென்றாலும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஊசி போட வேண்டி வந்தால் இடுப்புத் தசையில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அசிட்ரோம் தொல்லையாக இருக்கிறது என்று, ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைகளுக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை மெட்டல் வால்வு உள்ளவர்களிடம் சோதித்தபோது பக்கவாதமும் ரத்தக்கசிவும் கூடியதால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2013-இல் வெளியானது. மெட்டல் வால்வுக்கு இன்றும் அசிட்ரோம், வார்ஃபரின் வகைதான். யாராவது தெரியாமல் மாற்றிக் கொடுத்திருந்தால், இரட்டைப் பார்வைக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். மாத்திரை அட்டையை எடுத்து ஒரு தடவை பெயரைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.